மலர்முகமும் முகமலரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இலக்கிய இணைப்பில் இலக்கியக் கலைச்சொற்கள் இருபதைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒருவரி விளக்கமும் ஓர் எடுத்துக்காட்டும் தந்து, கடைசியில் வாசகர்கள் தங்களைத் தாங்களே சோதித்துக்கொள்ள ஒரு வினாப்பட்டியலையும் வெளியிட்டிருந்தீர்கள். அணி, யாப்பு என்றாலே பள்ளியோடு முடிந்துபோன சங்கதி என்று பலரும் ஒதுக்கிவிடுகிற நாளில் அரைப் பக்கத்தை இதற்கென ஒதுக்கியதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்தில் இரண்டு பிழைகள் இருந்தன. அந்தப் பிழைகளைக் காட்டிலும், அந்தப் பக்கம் அமைக்கப்பட்டிருந்த விதத்தைப் பற்றியே எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். பிறர் எழுதியதை எழுத்தெழுத்தாகப் படிப்பது என் பிழைப்பு. கவிதைத் தொகுப்பும், அதற்கு வாங்கிய அணிந்துரையும், பின்னட்டைக் குறிப்பும், பின்னாளில் மதிப்புரைகள் தொகுக்கப்பட்டு நூலாகும்போது அவையும் என் மேசையைக் கடந்துதான் அச்சுக்குப் போகின்றன. உவமை, உருவகம், படிமம், குறியீடு, தொன்மம், அங்கதம் ஆகிய சொற்கள் ஒரு நாளில் எத்தனை முறை என் கண்ணில் படுகின்றன என்று எண்ணியதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை எந்த வரியையும் சுட்டாமல் வெறும் பாராட்டுச் சொற்களாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கிறேன். ஒரு வரி நமக்குள் ஏதோ செய்கிறதே, அதை எப்படிச் செய்கிறது என்ற கேள்வி எழுந்த பிறகு அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடைக்குச் சூட்டப்பட்ட பெயர்தான் கலைச்சொல். கேள்வியைக் கேட்கவிடாமல் விடையை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது தங்கள் பக்கத்தின் குறை. நம் பாடநூல்கள் பலவற்றின் குறையும் அதுவே.

முதல் பிழையிலிருந்து தொடங்குகிறேன். வினாப்பட்டியலின் நான்காவது வினாவில் ‘முகமலர்’ என்பது உவமைத்தொகை என்று விடை அச்சாகியிருந்தது. அது உருவகம். ‘மலர்முகம்’ என்பதே உவமைத்தொகை. சொற்கள் இடம் மாறினால் என்ன, இரண்டும் முகத்தைப் பூவோடு சேர்த்துப் பேசுவதுதானே என்று தோன்றலாம். தமிழில் இவ்வகைத் தொடர்களில் பின்னால் நிற்கும் பெயரே தலைமைப் பெயர். மலர்முகம் என்னும்போது பேச்சு முகத்தைப் பற்றியது; மலர் அதற்கு அடைமொழியாக, ‘போன்ற’ என்னும் உருபைத் தனக்குள் மறைத்துக்கொண்டு முன்னே நிற்கிறது. முகமலர் என்னும்போது தலைமை மலருக்குப் போய்விடுகிறது. முகம் மலராகவே ஆகிவிடுகிறது. ஆகிவிட்டதனால் அடுத்து வரும் வினைச்சொல்லும் மாறலாம். முகமலரின்மேல் வண்டு வந்து மொய்க்கலாம், அது மாலையில் கூம்பலாம், காம்போடு சாயலாம். மலர்முகத்தின்மேல் வண்டு மொய்க்கிறது என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் ஈயை நினைத்துக்கொள்வார். உவமையில் இரண்டு பொருள்களும் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக நிற்கின்றன. உருவகத்தில் ஒன்று மற்றொன்றின் வீட்டுக்குள் குடிபுகுந்து அதன் பாத்திரம் பண்டங்களையெல்லாம் எடுத்துப் புழங்கத் தொடங்கிவிடுகிறது. தேன்தமிழ், தமிழ்த்தேன் என்ற இணையையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம். ‘தமிழ்த்தேனைப் பருகினான்’ என்பது இயல்பாக வரும். ‘தேன்தமிழைப் பருகினான்’ என்பது கொஞ்சம் இடறும். அந்த இடறலை ஒருமுறை காதால் உணர்ந்தவருக்கு இலக்கண நூற்பா பிறகு தானாக நினைவில் நிற்கும்.

உவமையைப் பற்றித் தங்கள் பக்கம் தந்த விளக்கம் ‘ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிட்டுக் கூறுவது’ என்பது. தவறில்லை, ஆனால் போதாது. எதை ஒப்பிடுவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் உவமையின் உயிர் இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் உவமவியல், ‘வினை பயன் மெய் உரு என்ற நான்கே வகைபெற வந்த உவமத் தோற்றம்’ என்று எடுத்த எடுப்பிலேயே இதைப் பிடித்துவிடுகிறது. புலியன்ன மறவன் என்றால் பாய்ச்சலை எடுத்துக்கொண்டு வரிகளையும் வாலையும் விட்டுவிட வேண்டும், அது வினை. மாரியன்ன வண்கை என்றால் கைம்மாறு கருதாது பெய்து விளைப்பதை எடுத்துக்கொண்டு இடியையும் சேற்றையும் விட்டுவிட வேண்டும்; அது பயன். துடியன்ன இடையில் வடிவம், பொன்னன்ன மேனியில் நிறம். உரையாசிரியர்கள் காலந்தோறும் காட்டிவரும் இந்த நான்கு சிறு தொடர்களைக் கையில் வைத்துக்கொண்டு எந்தக் கவிதைக்குள் நுழைந்தாலும், போல, அன்ன, புரைய, மான என்று உருபுகளைத் தேடி அடிக்கோடிடும் வேலையைவிட ஒரு படி மேலான வேலை தொடங்கிவிடுகிறது.

அந்த வேலை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு கவிதையை மட்டும் சற்று நெருங்கிப் பார்க்க அனுமதியுங்கள். குறுந்தொகையின் 25ஆம் பாட்டு, கபிலர் பாடியது, ஐந்தே அடி.

யாரும் இல்லை தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டுமே இருந்தான், அவனே சொன்ன சொல்லைப் பொய்யாக்கினால் நான் என்ன செய்வேன் என்று கலங்குகிறாள் தலைவி. பிறகு, அவன் தன்னைக் கூடிய அந்நாளில் ஒரு குருகும் இருந்தது என்று நினைவுகூர்கிறாள். தினையின் தாளைப் போன்ற சிறிய பசிய கால்களோடு, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு நின்ற குருகு. தேர்வுத்தாளில் ‘தினைத்தாள் அன்ன’ என்பதற்கு அடிக்கோடிட்டு, உவமையணி, உவமை உருபு ‘அன்ன’ என்று எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். தாளின் மெலிவும் பசுமையும் காலுக்கு வந்ததால் மெய்யும் உருவும் பற்றிய உவமம் என்று எழுதினால் ஆசிரியர் மகிழ்ந்துபோவார். ஆனால் இந்தக் கவிதை நம்மை ஏன் விடாமல் பற்றிக்கொள்கிறது என்ற கேள்வி இன்னும் தொடப்படாமலே இருக்கிறது.

குருகும் என்பதிலுள்ள உம்மையைக் கவனியுங்கள். யாரும் இல்லை என்று தொடங்கியவளுக்குக் கடைசியில் ஒரு சாட்சி அகப்படுகிறது, அந்த உம்மைக்குள் ஒரு கணம் நம்பிக்கை தலைகாட்டுகிறது. ஆனால் சாட்சியின் கண் மீன்மேல் இருந்தது என்பதை அவளே முந்தைய அடியில் சொல்லிவிட்டாள். தன் இரையைத் தவிர வேறொன்றையும் பாராத அந்தக் குருகு வந்து யாருக்காகச் சாட்சி சொல்லப்போகிறது? ஓடும் நீரில் அசையாமல் நின்று கொத்தக் காத்திருக்கும் அது அவனையே போலவும் இருக்கிறது என்பதை அவள் சொல்லவில்லை. சொல்லாததனாலேயே அது நமக்குக் கூடுதலாகக் கேட்கிறது. இப்படிப் பறவை, மீன், நீர் போன்ற கருப்பொருள்களைப் பேசியே பேசாத ஒன்றை உணர்த்தும் முறைகளுக்குத் தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்று இரண்டு சொற்களைத் தருகிறது. சொன்ன காட்சியின் உறுப்புகள் சொல்லாத பொருளின் உறுப்புகளோடு ஒன்றுக்கொன்று பொருந்தி முடிவது உள்ளுறை. அப்படி நேர்நேராக ஒட்டாமல், காட்சியின் புறத்தே ஒரு குறிப்பாகத் தோன்றுவது இறைச்சி. இந்தக் குருகு எந்தப் பக்கம் சேரும் என்று இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாதிடலாம். அந்த வாதத்துக்காகத்தான் கலைச்சொற்களே இருக்கின்றன என்பது என் எண்ணம், ஏனென்றால் அந்த ஒரு மணி நேரமும் இருவருடைய கண்ணும் கவிதையைவிட்டு நகர்ந்திருக்காது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அவள் ஏன் குருகின் இறக்கையையோ அலகையோ நினைவில் வைக்காமல் காலை மட்டும் இவ்வளவு துல்லியமாக நினைவில் வைத்திருக்கிறாள்? அப்போது அவள் பார்வை நாணத்தால் தாழ்ந்து நீர்மட்டத்தில் இருந்தது என்று நான் படித்துக்கொள்கிறேன். இப்போது அந்த எளிய ‘தினைத்தாள் அன்ன’ கூட வெறும் அழகுக்காக வந்த உவமையாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது பிழை எதுகையைப் பற்றியது. ‘அடிகளின் இறுதியில் ஒரே ஓசை வருவது எதுகை’ என்று அச்சிட்டிருந்தீர்கள். இது தங்கள் நாளிதழுக்கு மட்டும் உரிய பிழையன்று. எதுகைமோனை என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி, ஒலி ஒத்துவருவது எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராகிவிட்டது. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. முதலெழுத்து அளவில் ஒத்து நிற்க, இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை. இறுதியில் ஒன்றி வருவது இயைபு. முதற்குறளையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அகர’ என்று தொடங்கும் முதலடிக்கும் ‘பகவன்’ என்று தொடங்கும் இரண்டாமடிக்கும் இடையே, அ, ப என்னும் குறில்களை அடுத்து வரும் ககரம் எதுகை. முதலடிக்குள்ளேயே முதற்சீரான ‘அகர’வும் நான்காம் சீரான ‘ஆதி’யும் மோனை. திரைப்பாடல்களிலும் விளம்பரங்களிலும் வரிமுடிவில் கேட்பவற்றைப் பலரும் எதுகை என்கிறார்கள். அவை இயைபு.

பெயர் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல். தமிழ்ச் செய்யுள் தன் ஒலிக்கட்டை அடியின் தலையிலேயே போட்டிருக்கிறது என்ற பெரிய செய்தியை இந்தக் குழப்பம் மறைத்துவிடுகிறது. நம் வாக்கியங்கள் வினைமுற்றில் முடிபவை. வந்தான், சென்றான், நின்றான், வென்றான் என்று இறுதியோசை முயற்சியே இல்லாமல் வந்து வரிசையில் நின்றுகொள்ளும். எளிதாகக் கிடைப்பதைக் கட்டாகக் கொள்வதில் கலைக்குப் பெருமை இல்லை என்பதனால்தான் நம் புலவர்கள் அடியின் தொடக்கத்துக்குப் போனார்கள் என்பது என் ஊகம். ஊகம்தான், நூற்பா காட்டச் சொன்னால் என்னிடம் இல்லை. ஆனால் வரியிறுதியில் மட்டும் ஓசையைத் தேடும் புதுக் கவிஞர்களின் கைப்பிரதிகளைத் திருத்தும்போது, வினைமுற்றுகள் அணிவகுத்து நிற்கும் அந்தச் சலிப்பை அனுபவித்தவன் என்ற முறையில் இந்த ஊகத்தை எளிதில் கைவிட மாட்டேன்.

பழைய சொற்களுக்காவது நூற்பாவும் உரையும் இருப்பதால் வழக்கைத் தீர்க்க ஓர் இடம் உண்டு. படிமம், குறியீடு, தொன்மம் முதலிய புதிய சொற்களின் நிலை இன்னும் மோசம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு வந்த அணிந்துரையில், சுவரோரம் கிடக்கும் ஒற்றைச் செருப்பு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது என்ற பொருளில் அமைந்த ஒரே வரியை ஒரே பத்திக்குள் முதலில் ‘வலிமையான படிமம்’ என்றும், பிறகு ‘ஆழ்ந்த குறியீடு’ என்றும், இறுதியில் ‘தொன்மம்’ என்றும் எழுதியிருந்தார்கள். நான் ஓரத்தில் பென்சிலால் ‘மூன்றில் எது?’ என்று குறித்து அனுப்பினேன். ‘மூன்றும்தான், விட்டுவிடுங்கள்’ என்று பதில் வந்தது. விட்டுவிட்டேன், அப்படியே அச்சாயிற்று. அந்த உறுத்தலும் இந்தக் கடிதத்துக்கு ஒரு காரணம்.

மூன்றும் ஒரே வரியில் இருக்கக் கூடாதா என்றால், இருக்கலாம், ஆனால் வெவ்வேறு வேலைகளைச் செய்துகொண்டிருக்க வேண்டும். சுவரோரம் ஒற்றைச் செருப்பு என்ற அளவில் அது ஒரு காட்சி. தேய்ந்த குதிகால், அறுந்த வார், இணையைக் காணாத வெறுமை எல்லாம் கண்ணுக்கு வந்துவிட்டால் படிமம் தன் வேலையை முடித்துவிட்டது. அமெரிக்கக் கவிஞர் எஸ்ரா பவுண்ட் 1913இல் படிமத்தை விளக்கும்போது, அறிவும் உணர்ச்சியும் பின்னிய ஒன்றை ஒரு கணத்தில் முன்வைப்பது என்றுதான் சொன்னார். அது எதையோ ‘குறிக்க’ வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நடந்துகொண்டிருக்கிறது என்னும்போது உயிரற்ற செருப்பின்மேல் நடையை ஏற்றியாயிற்று, அது உருவகத்தின் பக்கம் சாய்கிறது. குறியீடாக வேண்டுமானால் அந்தச் செருப்பு அந்த ஒரு வரியில் கிடந்தால் போதாது. கவிதையின் வேறோர் இடத்திலும், அல்லது தொகுப்பின் வேறு கவிதைகளிலும் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பொருளைத் தன்மேல் சேர்த்துக்கொண்டே போக வேண்டும். ஒரு சிறுகதையில் இடிந்துபோன வீட்டின் சாவியைக் கிழவி ஒருத்தி இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். முதல் பக்கத்தில் அது சாவிதான். பேரன் அதைக் கேட்டு அழும்போதும், அவள் அதை எண்ணெய் போட்டுத் துடைக்கும்போதும், கடைசியில் அது அவள் கையில் இல்லாதபோதும் அது சாவியாகவே இருந்துகொண்டு சாவிக்கு மேலானதாகவும் ஆகிவிடுகிறது. சாவியாக இருப்பதை நிறுத்திவிட்டு ‘இழந்த மண்ணின் குறியீடு’ மட்டும் ஆகிவிட்டால் கதை செத்தது. தொன்மத்துக்கோ, படிப்பவர் முன்பே அறிந்த ஒரு பழங்கதையின் சுவடு வேண்டும். அணிந்துரை எழுதியவருக்குச் செருப்பு என்றதும் இராமனின் பாதுகை நினைவுக்கு வந்துவிட்டது போலும். கவிஞருக்கு வந்ததாக அந்த வரியில் எனக்குத் தடயம் தெரியவில்லை.

வெளியிலிருந்து வந்த சொற்களுக்குப் பிறந்த வீடு ஒன்று உண்டு என்பதையும் மறந்துவிடுகிறோம். நனவோடை என்று நாம் தமிழாக்கிக்கொண்ட தொடரை, மனத்தின் ஓயாத ஓட்டத்தைக் குறிக்க 1890இல் தம் உளவியல் நூலில் கையாண்டவர் வில்லியம் ஜேம்ஸ். 1918இல் டோரதி ரிச்சர்ட்சனின் நாவல்களைப் பற்றி எழுதியபோது ஆங்கில எழுத்தாளர் மே சின்க்ளேர் அதை இலக்கியத்துக்குக் கொண்டுவந்தார். பாத்திரம் பழைய நாட்களை நினைத்துப் பார்த்தாலே நனவோடை என்று எழுதும் மதிப்புரைகள் நம்மிடம் ஏராளம். அது பின்னோக்கு உத்தி. நனவோடையில் நினைவு, பசி, தெருவோசை, பாதியில் அறுந்த எண்ணம் எல்லாம் ஒழுங்கின்றி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும். மாய யதார்த்தம் என்பது ஜெர்மானியக் கலை விமர்சகர் ஃபிரான்ஸ் ரோ 1925இல் ஓவியத்தைப் பற்றிச் சொன்ன சொல். கதையில் ஒரு பேய் வந்ததனால் மட்டும் அது மாய யதார்த்தம் ஆகிவிடாது. பேய் வந்ததைக் கண்டு கதைக்குள் யாரும் வியக்காமல், அதற்கும் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தால்தான் ஆகும்.

தங்கள் பட்டியலில் தற்குறிப்பேற்ற அணிக்கு ‘அஃறிணைப் பொருளை மனிதரைப் போலப் பேச வைப்பது’ என்ற விளக்கம் இருந்தது. இதை முழுப்பிழை என்று சொல்லமாட்டேன், பாதி வழியில் நின்றுவிட்ட விளக்கம் என்பேன். இயல்பாக நடக்கும் ஒன்று முதலில் இருக்க வேண்டும். அதற்கான இயற்கைக் காரணத்தை விலக்கிவிட்டுக் கவிஞர் தாம் குறித்த காரணம் ஒன்றை அதன்மேல் ஏற்ற வேண்டும். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்கும்போது மதிலின்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. ‘போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட’ என்கிறார் இளங்கோவடிகள். காற்றுக்கு ஆடும் கொடி, வராதே என்று கையை மறித்துக் காட்டுவதாகிறது. பாடநூலில் இந்த அணிக்கு எடுத்துக்காட்டாகப் படிக்காதவர்கள் நம்மிடையே குறைவு. ஆனால் அடுத்த கேள்வியைக் கேட்கப் பழக்கப்பட்டவர்களும் குறைவு. அந்தக் கையசைப்பை யார் பார்க்கிறார்கள்? கோவலன் பார்ப்பது கொடியை. எச்சரிக்கை நமக்கு வருகிறது.

இங்கிருந்து ஆங்கிலத்தில் ‘ஐரனி’ எனப்படும் உத்திக்கு ஒரு நேர்வழி இருக்கிறது. தங்கள் பக்கம் இதற்கு ‘முரண்’ என்று ஒரே சொல்லில் விடை கொடுத்து நகர்ந்துவிட்டது. முரண் என்பது யாப்பில் ஒரு தொடையின், அதாவது செய்யுளைத் தொடுக்கும் முறை ஒன்றின், பெயர். இருளும் ஒளியும், இன்பமும் துன்பமும் எதிர்ச்சொற்களாக அமைவது அது. முரண்நகை, நகைமுரண், அங்கதம், எள்ளல் என்று ஆளுக்கொரு சொல்லைக் கையாள்கிறோம். இவற்றுள் எள்ளலைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் நான்கு இடங்களுள் ஒன்றாகவும், அங்கதத்தைச் செய்யுளியல் செம்பொருள், கரந்தது என்னும் இரு வகையினதாகவும் முன்பே வரையறுத்துவிட்டன. வெளிப்படையாக வைவது செம்பொருள் அங்கதம். பழியை மறைத்து வைவது மற்றது. சொல்வது ஒன்று, பொருள் வேறொன்று என்ற இடைவெளி அந்த இரண்டாவதில்தான் திறக்கிறது.

புறநானூற்றின் 95ஆம் பாட்டில், அதியமானிடமிருந்து தூது சென்ற ஔவையார் தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பார்க்கிறார். இவை பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசப்பட்டுக் காவலுடைய அகன்ற மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்திக் கோடும் நுனியும் சிதைந்து, கொல்லனின் சிறு உலைக்களத்தில் கிடக்கின்றன என்கிறார். இகழ்ச்சியாக ஒரு சொல்லும் இல்லை. சொன்னது அத்தனையும் உண்மை, கேட்பதற்குப் புகழ்ச்சியாகவும் இருக்கிறது. தொண்டைமான் மகிழ்ந்து தலையசைத்திருந்தால் அது அவன் அறியாமை. புரிந்துகொண்டு முகம் சுருங்கியிருந்தாலும் ஔவையைத் தண்டிக்க ஒரு சொல்லைக்கூட அவனால் எடுத்துக்காட்டியிருக்க முடியாது. ‘தேவர் அனையர் கயவர்’ என்று 1073ஆம் குறள் தொடங்கும்போது ஒரு கணம் நாம் திடுக்கிடுவதும், ‘மேவன செய்தொழுக லான்’ என்று முடியும்போது சிரித்துவிடுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேலை. இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று அழகான பெயர் இருக்கிறது. இன்றைய மேடைப்பேச்சில் ஒருவரை நேராகத் திட்டுவதையெல்லாம் அங்கதம் என்று பாராட்டும் வழக்கம் எனக்கு உவப்பானதாக இல்லை.

பேசுகிறவரே அறியாத முரண் இன்னொரு வகை. பாத்திரத்துக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதால் பிறப்பது. சிலம்பில் ஒன்றை விற்று வரக் கிளம்பும் கோவலன் கண்ணகியிடம் ‘சீறடிச் சிலம்பின் ஒன்றுகொண்டு யான்போய் மாறி வருவன் மயங்காது ஒழிக’ என்கிறான். இதைவிட எளிய, அன்றாட வாக்கியம் இருக்க முடியாது. இதில் உவமை இல்லை, உருவகம் இல்லை, அடிக்கோடிட ஒன்றுமே இல்லை. ஆனால் இந்த வரி நிற்கும் காதையின் பெயர் கொலைக்களக் காதை. நூலின் முகப்பில் நிற்கும் பதிகத்திலேயே கதையின் முடிவை நாம் கேட்டுவிட்டோம். மதிற்கொடி முன்பே கையை ஆட்டிவிட்டது. அவன் தெருவில் இறங்கும்போது எதிரே ஒரு காளை பாய்ந்து வருகிறது, அது தீநிமித்தம் என்பதையும் அவன் அறியவில்லை. நாம் எல்லாவற்றையும் அறிந்துகொண்டு, ‘வருவன்’ என்ற அந்த எதிர்கால வினைமுற்றைக் கண்ணகியோடு சேர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் நான் படித்த காலத்தில் இந்தக் காதையில் எத்தனையோ அணிகளைக் குறித்துக் கொடுத்தார்கள். இந்த வரியை யாரும் நிறுத்திப் படிக்கவில்லை, ஏனென்றால் பட்டியலில் அதற்குப் பெயர் இல்லை. நாடக முரண் என்று இன்று நாம் சொல்லும் கலைச்சொல்லை நான் பல ஆண்டுகள் கழித்துக் கற்றுக்கொண்டபோதுதான் அந்த வரிக்குத் திரும்பிப் போனேன். கலைச்சொற்களைப் பழிக்க நான் வரவில்லை என்பதற்கு இதுவே சான்று. சரியான சொல் ஒன்று கையில் கிடைத்தால், அதுவரை கண்ணில் படாமல் கடந்துபோன வரி நின்று நம்மைப் பார்க்கும்.

நம் மாணவர்கள் அணி வினாவுக்கு விடையெழுதும்போது இலக்கணம், சான்று, விளக்கம், அணிப்பொருத்தம் என்று நான்கு உட்தலைப்புகள் போடுவது வழக்கம். முதல் மூன்றும் மனப்பாடத்தில் வந்துவிடும். நான்காவதான அணிப்பொருத்தம்தான் மாணவர் தம் சொந்தக் கண்ணால் எழுத வேண்டியது. நடைமுறையில் அதுவும் மனப்பாடமாகி, ‘ஆகவே இப்பாடல் இவ்வணிக்குச் சான்றாயிற்று’ என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது. தங்கள் பக்கம் அந்த நான்காவது பகுதியிலிருந்து தொடங்கலாமே என்பதுதான் என் வேண்டுகோள். வாரத்துக்கு இருபது சொற்கள் வேண்டாம், ஒன்று போதும். மேலே ஒரு சிறு பாட்டையோ உரைநடைப் பகுதியையோ பெயரிடாமல் அச்சிடுங்கள். அதில் எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் வரி விழுந்துவிடும் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். உத்தியின் பெயரையும் வரையறையையும் அடுத்த வாரம் வெளியிடுங்கள். அந்த ஏழு நாளில் வாசகர் தாமே ஏதாவது ஒரு பெயர் வைத்துப் பார்த்திருப்பார். மதிப்புரை எழுதுகிறவர்களிடமும், படிமம் என்றோ குறியீடு என்றோ எழுதினால் அது எந்த வரி என்று காட்டும்படி கேளுங்கள். காட்ட முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடலாம். பத்தியில் இடமும் மிஞ்சும்.

நான்காவது வினாவுக்கான விடையையும், எதுகை பற்றிய விளக்கத்தையும் வரும் ஞாயிற்றுக்கிழமை அதே இணைப்பில், அதே அளவு எழுத்தில் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தை வெட்டி நோட்டுக்குள் ஒட்டி வைத்துக்கொண்ட மாணவர்கள் இருப்பார்கள்.

இப்படிக்கு,
மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்